கடலில் வலை போடாதீர்

தம்பி, அந்த பிஸ்கட் கவர சன்னல் வழியா போட்டுராதிய. குடுங்க. இங்க குடுங்க, என் பையில போட்டுக்கிடுதேன். தப்பா எடுத்துக்கிடாதிய. இந்தக் காத்துல இது எங்க போகும்னு நெனைக்கிய? நேரா கடலுக்கு. அங்க ஒரு ஆமை இருக்கும். அது இதச் சொறின்னு நெனச்சு முழுங்கும். சொறின்னா தெரியாதா? வெள்ளைக் கலர்ல கொழகொழன்னு மெதக்கும்லா, தொட்டா ஊறல் எடுக்கும், அது. ஆமைக்கு அதுன்னா உசுரு. கவரு தொண்டையில அடைச்சுச்சுன்னா ஆமை காலி. உங்க பிஸ்கட்டுக்கு ஆமை சாகணுமா?

நான் யாருன்னு தெரியாதுலா? தொம்மை. புன்னைமுனை கடல் காப்புக் குழுத் தலைவர். பதவியில இருந்து என்னைய எடுக்கணும்னு பேசுனாவ. எடுக்கல. இன்னைக்கு வரைக்கும் நாந்தான் தலைவரு. எங்க ஊருக்கா போறிய? அப்ப நல்லதாப் போச்சு. ஊர்ல போயி எறங்குனதும் என்னையப் பத்தி ஒரு கதை சொல்லுவாவ. அதுக்கு முன்னால உண்மையக் கேட்டுருங்க. இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு பஸ்ஸு போய்ச் சேர.

எங்க ஊர்ல அந்தோணியார் திருநாளுக்கு சாமிய வள்ளத்துல ஏத்தி கடல்ல ஒரு சுத்து சுத்தி கொண்டாருவோம். சுரூபத்துக்கு மாலை, வள்ளத்துக்குக் கொடி, கரையில வெடி, ஊரே நிக்கும். அந்த வள்ளத்துக்குச் சுக்கான் புடிக்கிறவன்தான் அன்னைக்கு ராசா. எங்க அப்பா புடிக்கல. எங்க தாத்தா புடிக்கல. எங்க வம்சத்துல ஒருத்தன் புடிக்கல. முப்பது வருசமா வஸ்தியான்னு ஒரு பெரியவருதான் புடிச்சாரு. அவருக்குக் கண்ணு மங்கிப் போச்சு. சொன்னா கேக்க மாட்டாரு. போன தடவ என்ன பண்ணுனாரு தெரியுமா? சாமியக் கொண்டுபோயி பக்கத்து ஊர்க் கரையில ஏத்திட்டாரு. அவியளுக்கு ஒரே சந்தோசம். வெடியப் போட்டு, மாலையப் போட்டு, சாமிய எறக்கி அவிய கோயில்ல வச்சுக்கிட்டாவ. தேடி வந்த சாமிய எப்பிடித் திருப்பி அனுப்பன்னு கேக்காவ. எங்க ஆளுவ போயிக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வர சாயங்காலம் ஆயிட்டு.

அதோட வஸ்தியானுக்கு ஓய்வு குடுத்தாச்சு. அடுத்து யாரு? ரெண்டே பேரு. ஒண்ணு நான். இன்னொண்ணு எம் பொண்டாட்டி அமலோற்பவத்துக்குத் தம்பி, இஞ்ஞாசி. வள்ளம் ஓட்டுவான். இல்லன்னு சொல்லல. ஆனா வாயத் தொறக்க மாட்டான். எதக் கேட்டாலும் வானத்தப் பாப்பான். அப்பிடிப்பட்டவன் கையில சாமியக் குடுக்க முடியுமா?

எங்க பங்குச் சாமியாரு புதுசா வந்தவரு. மதுர பக்கம். கடலக் கண்டா அவருக்குப் பயமும் பாசமும். ஒரு ஞாயித்துக்கிழம பிரசங்கத்துல சொல்லிட்டாரு: "யார் கடலைச் சுத்தமாக வைத்திருக்கிறாரோ, அவரே அந்தோணியாரின் படகைச் செலுத்தத் தகுந்தவர்." பூசை முடிஞ்சு வெளிய வந்தேன். அன்னைக்குச் சாயங்காலமே குழுவ ஆரம்பிச்சுட்டேன். தலைவர் நானு. செயலாளரும் நாந்தான், வேற ஆளு வரல.

என்ன வேலை பாத்தேன்னு கேளுங்க. கரையில கெடந்த பாட்டில், பை, அந்துபோன கயிறு எல்லாத்தயும் பொறுக்குனேன். சாமியாரு வீட்டு வாசல் வழியாத்தான் தெனமும் சாக்கக் கொண்டு போவேன். அவரு இல்லன்னா கொஞ்சம் இருமுவேன். வெளிய வந்து பாப்பாரு. அப்பறம் ஒரு போர்டு எழுதி வைக்கணும்னு தோணிச்சு. கடல்ல ஆகாத வலைய வெட்டிப் போட்டுட்டு வந்துருதானுவோ பாத்துக்கிடுங்க. அது அங்கனயே கெடந்து மீனக் கொல்லும், ஆமையக் கொல்லும், புடிக்க ஆளில்லாமயே புடிச்சுக்கிட்டுக் கெடக்கும். அதனால பெருசா எழுதி கரையில நட்டுனேன்: "கடலில் வலை போடாதீர்."

மறுநா காலையில ஊரே போர்டு முன்னால நிக்கி. சிரிக்காவ. "தொம்ம, கடல்ல வலை போடாம வயக்காட்டுலயா வே போட?"ன்னு ஒருத்தரு. "நாளையில இருந்து நாத்து நடப் போவோம் வே"ன்னு இன்னொருத்தரு. எனக்கு அப்பதான் புத்தியில ஓடிச்சு. வலை போடுறதுன்னா மீன் புடிக்கிறதுலா! சரின்னு அழிச்சுட்டு "கடலில் வலையை விடாதீர்"னு எழுதுனேன். வலை விடுறதுன்னாலும் அதேதான், அதுக்கும் சிரிச்சாவ. "கடலில் வலையை எறியாதீர்"னு எழுதுனேன். வீச்சு வலைக்காரங்க ஏழு பேரு சண்டைக்கு வந்துட்டாவ. நம்ம ஊர்ல வலைய என்ன பண்ணுனாலும் அது மீன் புடிக்கிறதுலதான் போயி முடியுது. நான் என்ன பண்ண?

கடைசியில சாமியாருகிட்ட போனேன். அவரு யோசிச்சு, "கடலில் வலையைக் கைவிடாதீர்"னு எழுதச் சொன்னாரு. நல்லாத்தான் இருந்துச்சு. கிழவியல்லாம் போற போக்குல போர்டு முன்னால நின்னு சிலுவ போட்டுட்டுப் போனாவ, செபம்னு நெனச்சுட்டு.

போர்டு மட்டும் போதுமா? பயம் வேணும்லா? ஊர்க் கூட்டத்துல எந்திரிச்சு நானே ஒரு சட்டம் சொன்னேன்: "எவன் கடல்ல வலையக் கைவிட்டானோ, அவன் அந்த வருசம் அந்தோணியார் வள்ளத்தத் தொடக் கூடாது." எல்லாரும் கையத் தூக்குனாவ. இஞ்ஞாசியும் தூக்குனான், வானத்தப் பாத்துக்கிட்டே. உள்ளதச் சொன்னா, சட்டம் அவனுக்காகப் போட்டதுதான். எப்பிடியும் மாட்டுவான்னு நெனச்சேன். சின்ன வயசுல இருந்து அவன் எதையும் ஒழுங்கா வைக்க மாட்டான்.

எனக்குந்தான் மார்கழியில ஒரு வலை பார்ல மாட்டிச்சு. பாருன்னா கடலுக்கடியில உள்ள பாறை. இழுத்து இழுத்துப் பாத்தேன், வரல. பாதிய அறுத்து விட்டேன். மிச்சப் பாதி வள்ளத்துக்குள்ள வந்துச்சு. ஒரே கிழிசல், அதக் கொண்டாந்து என்ன செய்யன்னு அதையும் அங்கனயே விட்டுட்டேன். அது வேற. அத எதுக்கு இப்ப சொல்லுதேன்னா, அது வேறன்னு சொல்லத்தான்.

குழு, போர்டு, சட்டம், எல்லாம் பாத்துட்டு சாமியாரு சொல்லிட்டாரு, இந்த வருசம் சுக்கான் தொம்மைக்குன்னு. தம்பி, அன்னைக்கு நான் வீட்டுக்கு நடந்து போகல. மெதந்து போனேன். பட்டுச் சட்டை தைக்கக் குடுத்தேன். அமலோற்பவம் "கல்யாணத்துக்குக் கூட இப்பிடிச் சிரிக்கலய நீங்க"ன்னா. அன்னைக்கு எனக்கு சுக்கான் குடுக்கலயே ஏட்டின்னேன்.

திருநாளுக்கு நாலு நாளைக்கு முன்னால ஒத்திகை. வள்ளத்துல நானு, சாமியாரு, ஒத்தாசைக்கு இஞ்ஞாசி. சாமியாரு ரெண்டு கையாலயும் பலகையப் புடிச்சுக்கிட்டுக் கண்ண மூடிட்டாரு. நான் சுக்கானப் புடிச்சுக்கிட்டு நிக்கேன், நெஞ்ச நிமித்தி. பாதி தூரம் போயிருப்போம். கடகடகடன்னு ஒரு சத்தம். இஞ்சின் நின்னு போச்சு. அடியில சுத்துற விசிறியில என்னமோ சிக்கிட்டு. மேக்க இருந்து அடிக்கிற கச்சான் காத்து வேற வள்ளத்தப் பக்கவாட்டுல புடிச்சு ஆட்டுது. சாமியாரு கண்ணத் தொறக்காமயே "தொம்மை, வந்துட்டோமா?"ன்னாரு. இல்ல சாமி, நிக்கோம்னேன். "கடல்ல நிக்க முடியுமா?"ன்னு கேட்டுட்டு காலையில சாப்பிட்டது எல்லாத்தயும் வெளிய எடுத்துட்டாரு. வள்ளத்துக்குள்ளயே. பாவம், வெளிய எட்டிப் பாக்கப் பயம் அவருக்கு.

இஞ்ஞாசி கத்தியோட தண்ணியில குதிச்சான். கொஞ்ச நேரங் கழிச்சு தலையத் தூக்கி, "அத்தான், வலை"ன்னான். அவன் அந்த வருசம் எங்கிட்டப் பேசுன மொத வார்த்தை. வலைய மேல இழுத்தோம். இழுக்க இழுக்க வருது. கடைசியில பாத்தா, தம்பி, ஒரு பேராமை! கழுத்துல வலை, காலுல வலை, அசைய முடியாம கெடக்கு. கண்ணுல தண்ணி ஓடுது. ஆமைக்கு எப்பவும் ஓடும்னு இஞ்ஞாசி சொன்னான். எனக்கு மனசு கேக்கல. சாமியாரும் கண்ண மூடிக்கிட்டே ஒரு கை குடுத்தாரு, மூணு பேருமாச் சேந்து உள்ள தூக்கிப் போட்டோம். வலைய அறுத்தேன். முன்கால் ஒண்ணு வலையில இருந்து கழண்டுச்சு. கழண்ட காலால சாமியாரு கன்னத்துல பளார்னு ஒண்ணு விட்டுச்சு பாருங்க. அப்பத்தான் அவரு கண்ணத் தொறந்தாரு.

ஆமையக் கடல்ல விட்டோம். எனக்கு வந்த கோவம் இருக்கே! எந்தப் படுபாவி போட்ட வலை இது? அந்தோணியார் போற வழியில? சாமியார்கிட்ட சொன்னேன், "சாமி, இந்த வலைய விடப் போறதில்ல. கரைக்குக் கொண்டுபோயி, விரிச்சு, ஊரக் கூட்டி, இது யாரு வலைன்னு கண்டுபுடிக்கப் போறேன்." இஞ்ஞாசி வலையப் பாத்தான். என்னையப் பாத்தான். "அத்தான், வேண்டாமே. கடாசிருவோமே"ன்னான். பாத்தியளா, மாட்டிக்கிட்டான்னு நெனச்சேன் நான்.

கரையில வலைய விரிச்சாச்சு. கோயில் மணிய அடிச்சு ஊரக் கூட்டியாச்சு. பொம்பள ஆம்பள எல்லாரும் சுத்தி நிக்காவ. தம்பி, எங்க ஊர்ல ஒரு விசயம். வலையில பேரு எழுத மாட்டோம். எழுத வேண்டாம். முடிச்சப் பாத்தாலே இன்னார் வீட்டு வலைன்னு தெரியும். அதுல நான் கெட்டிக்காரன். வலையச் சுத்தி ஒரு நடை நடந்தேன். குனிஞ்சேன். ஒரு கிழிசலத் தச்ச எடத்தத் தூக்கிக் காட்டுனேன்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க. இந்த முடிச்சு எல்லாம் தலகீழாப் போகுது. இது பீச்சாங்கைப் பழக்கம் உள்ளவ போட்ட முடிச்சு. நம்ம ஊர்ல பீச்சாங்கையால வலை பொத்துறவ எவ?"

இஞ்ஞாசி வானத்தப் பாக்கான். சாமியாரு இருமுதாரு.

"ஏன் பேச மாட்டுக்கிய? பயப்படாதிய. தலைவர் நான் இருக்கேன். சரி, மிதப்பப் பாருங்க. செருப்ப வெட்டிக் கட்டியிருக்கான். பழைய செருப்பா? இல்ல. புதுச் செருப்பு! ஊதாக் கலரு, மஞ்சப் பூ போட்டது. புத்தம் புதுச் செருப்ப வெட்டியிருக்கான் அறிவு கெட்டவன். அந்த வீட்டுப் பொம்பளய நெனச்சுப் பாருங்க. அவ எவ்வளவு ஆசையா வாங்கியிருப்பா!"

"வேளாங்கண்ணியில வாங்குனேன்"னு ஒரு குரலு கேட்டுச்சு.

கூட்டம் விலகுது. அமலோற்பவம் வாரா. இடுப்புல கை. பீச்சாங்கை.

"நாய் தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னியளே. நாய். அந்தப் பாவப்பட்ட சீவன ஒரு வாரம் வாசப்படி ஏற விடாம வெரட்டுனேனே. கம்ப எடுத்துக்கிட்டு தெருவெல்லாம் ஓடுனேனே. நீங்க கூட நின்னு, அங்க போகுது இங்க போகுதுன்னு கையக் காட்டுனியளே!"

தம்பி, வலையப் பத்தி அவ ஒரு வார்த்தை கேக்கல. ஆமையப் பத்திக் கேக்கல. செருப்பு. செருப்பு மட்டுந்தான். ஊரு சிரிச்ச சிரிப்புல வஸ்தியான் பெரியவரு பல்செட்டு மணல்ல விழுந்துட்டு. அவரு கண்ணு வேற தெரியாது, தேடவே அரை மணி நேரம்.

நான் விட்டுக் குடுக்கல. "சாமி, சட்டத்துல என்ன இருக்கு? கைவிட்டவன்னு இருக்கு. நான் வலையக் கைவிடல. வலைதான் என்னையக் கைவிட்டுட்டு"ன்னேன். சாமியாரு கன்னத்தத் தடவிக்கிட்டே கேட்டாரு, "தொம்மை, அந்தச் சட்டத்த யாரு கொண்டு வந்தது?" நாந்தான் சாமின்னேன். சுக்கான் இஞ்ஞாசிக்குப் போச்சு.

திருநாளன்னைக்கு நான் போகப் போறதில்லன்னுதான் இருந்தேன். ஆனா பட்டுச் சட்டை தச்சு வந்துட்டு. அதப் போட்டுக்கிட்டுக் கரையில கடைசியா ஒரு ஓரத்துல நின்னேன். எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. சரி, வருத்தந்தான். வருத்தம் இல்லாம இருக்குமா? என் வம்சத்துலயே மொத ஆளா நின்னுருப்பேன் தம்பி.

வள்ளம் கெளம்பிச்சு. நடுவுல அந்தோணியாரு. அவரச் சுத்தி சம்மனசு வேசம் போட்ட சின்னப் பிள்ளைய எட்டு பேரு, முதுகுல அட்டை றெக்கை. பாட்டுப் படிக்க அமலோற்பவம். பின்னால இஞ்ஞாசி. கரையில உபதேசியாரு மைக்க வச்சு மன்றாட்டுச் சொல்லுதாரு. அவரு ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல சனங்க, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்"னு சொல்லுதாவ.

இஞ்ஞாசி வள்ளத்தக் கிழக்க திருப்புனான். கடல்ல எடத்துக்கு அடையாளம் எப்பிடி வைப்போம்னு தெரியுமா? கோயில் கோபுரமும் ஐஸ் கம்பெனிப் புகைக்குழாயும் ஒரே நேருல வந்தா அங்கதான் அந்தப் பாரு கெடக்கு. மார்கழியில பாதி வலைய அறுத்து விட்டேன்னு சொன்னம்லா? விசிறியில சிக்குனது தானா மெதந்து வந்த பாதி. பார்ல மாட்டுன பாதி இன்னும் அங்கனதான் நிக்கி. அன்னைக்குத் தண்ணி வேற வத்தம், கொறஞ்சு கெடக்கு. கிழிஞ்ச வலை பாறையில இருந்து மேல எந்திரிச்சு நிக்கும். இஞ்ஞாசி நேரா அதுக்குத்தான் போறான்.

உள்ளதச் சொல்லிருதேன் தம்பி. கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். மாட்டட்டுமேன்னு. சாமிய வச்சுக்கிட்டு நடுக்கடல்ல நிக்கட்டும். அப்ப இந்த ஊரு சொல்லும், தொம்மைக்கிட்டயே குடுத்திருக்கலாம்னு. அதுவுமில்லாம, வாயத் தொறந்தா என்ன சொல்ல? அது என் வலைன்னுலா சொல்லணும்? ஊரு முழுக்க நாலு நாளா அது கடலே இழுத்துட்டுப் போனதுன்னு சொல்லிட்டு அலையுதேன்.

அப்ப காத்து ஒரு தூக்குத் தூக்குச்சு. வள்ளம் சாஞ்சு நிமிந்துச்சு. ஒரு பிள்ளையோட றெக்கை பிஞ்சு பறக்குது. இஞ்சின் நின்னா காத்து நேரா பாறையிலதான் கொண்டு மோதும். எட்டுப் பிள்ளைய. அமலோற்பவத்துக்கு நீச்சத் தெரியாது. கடக்கரையில பெறந்து வளந்தவ, முழங்காத் தண்ணிக்கு மேல எறங்க மாட்டா.

நான் ஓடுனேன். யார யாரத் தள்ளுனேன்னு தெரியாது. உபதேசியாரு கையில இருந்த மைக்கப் புடுங்குனேன்.

"மாப்ள! கிழக்க போகாத! அங்க என் வலை கெடக்கு!"

சனங்க அத்தன பேரும் ஒரே குரல்ல, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

"ஏ, செபம் இல்ல! நான் தொம்ம! அங்க என் வலை!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

"ஐயோ, நாந்தான் போட்டேன்! கடல்ல வலைய நாந்தான் போட்டேன்! பாதி ஆமை மேல, பாதி அங்க! இஞ்ஞாசி, நில்லு!"

அதுக்கு மட்டும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. இஞ்சின் சத்தம் கொறையுது. அமலோற்பவம் எந்திரிச்சு நின்னு கரையப் பாக்கா. அவ்வளவு தூரத்துல இருந்தும் எனக்கு அவ மொகம் தெரியுது.

இஞ்ஞாசி வள்ளத்தத் திருப்பிக் கரைக்குக் கொண்டாந்தான். திட்டப் போறான்னு நெனச்சேன். கையத்தான் நீட்டுனான். "எடம் உமக்குத்தான தெரியும் அத்தான். ஏறும்"னான். சுக்கானக் குடுக்கல. சட்டம்னா சட்டம். வள்ளத்தத் தொடக் கூடாதுன்னும் சட்டந்தான் இருக்கு. சாமியாருதான் கரையில இருந்து, "தொடாம ஏறு தொம்மை"ன்னு சத்தம் போட்டாரு. எப்பிடிங்க தொடாம ஏற? ரெண்டு பேரு என்னைய மூட்டை மாதிரித் தூக்கி முன்பக்கம் போட்டாவ.

முன்னால குப்புறப் படுத்துக்கிட்டு வழி சொன்னேன். வலது, எடது, மெல்ல, மெல்ல. கோபுரமும் புகைக்குழாயும் சேந்துச்சு. கையத் தண்ணிக்குள்ள விட்டேன், வலை தட்டுப்பட்டுச்சு. இழுத்தேன். பட்டுச் சட்டை கை கிழிஞ்சுச்சு. சிப்பி கீறி ரத்தம் வந்துச்சு. பிள்ளையல்லாம் எண்ணுதாவ, ஒரு முழம், ரெண்டு முழம்னு. அமலோற்பவம் பின்னால வந்து என் வேட்டிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டா, நான் விழுந்துராம. "அழுதியளா?"ன்னா. கடத்தண்ணி ஏட்டின்னேன். "கடத்தண்ணி மூக்கு வழியாவா வரும்?"னு கேட்டா. ஆனா வேட்டிய விடல.

கடைசி முழத்துல, தம்பி, வலைக்குள்ள ஒரு சிங்கி எறா. எவ்வளவு பெருசுங்கிய? என் முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும். பச்சையும் நீலமுமா உடம்பு, நீள நீளமா மீசை. வாழ்க்கையில நான் அப்பிடி ஒண்ணு புடிச்சதில்ல. கையில எடுத்துப் பொரட்டிப் பாத்தேன். வயித்துக்கடியில முட்டை, கொத்துக் கொத்தா. எட்டு சம்மனசும் என் கையப் பாக்கு. அமலோற்பவம் பாக்கா. பின்னால அந்தோணியாரு பாக்காரு. இஞ்ஞாசி, வானத்தத் தவிர வேற எதையும் பாக்காதவன், அவனும் என்னையத்தான் பாக்கான்.

விட்டுட்டேன் தம்பி.

கரையில கைதட்டு கேட்டுச்சு. அப்பிடி ஒரு கைதட்டு. சுக்கான் புடிச்சவனுக்கு யாரும் தட்டல, எனக்குத்தான். ஆனா என் காதுல அது ஏறல. நான் சிங்கியப் பாத்துக்கிட்டிருந்தேன். சிங்கி பின்னாலதான் நீந்தும், தெரியுமா? வால ஒரு சொடுக்கு சொடுக்கிப் பின்பக்கமாவே போகும். அதனால ஆழத்துல மறையுற வரைக்கும் அது என்னையவே பாத்துக்கிட்டுத்தான் போச்சு. நானும் பாத்தேன்.

ஆறு பேருக்குக் கொழம்பு வரும் தம்பி. ஆறு பேருக்கு.